கைப்பிடி அரிசி

ஆராதனை முடிந்ததும் வெஸ்ட்ரி மூலையில்
தார்ப்பாய் விரித்துக் கொட்டுவார்
கோயில்குட்டியார் தேவஇரக்கம்:
பால்பவுடர் டப்பாவில் வந்தது,
ஜவுளிக்கடைப் பையில் வந்தது,
ரேஷன் புழுங்கல், அம்பை பதினாறு,
யாரோ இட்லிக்கு வாங்கியதில் ஒரு பிடி.
எல்லாம் ஒரே குவியல்.

போன வாரம் ஏலத்தில்
அதை யாரும் கேட்கவில்லை.
"கோழிக்குத்தான் ஆகும் ஐயரே" என்றார் செயலர்.
நூற்றுப்பத்து ரூபாய்க்கு
நானே எடுத்தேன்.

உலை வைத்த என் மனைவிக்குக் கோபம்.
ஒன்று குழைந்துவிட்டது,
ஒன்று நடுவில் இன்னும் அரிசியாகவே நிற்கிறது,
எதைப் பார்த்து நான் வடிக்க?
எதையும் பார்க்காதே, வடி என்றேன்.
சாளைக் குழம்பு இருந்தது,
பிழைத்தேன்.

நேசபுரம் சபையாரே,
மழை இருட்டையும் பாராமல்
புதன்கிழமைக் கூட்டத்துக்கு வந்திருக்கும் பதினோரு பேரே,
அந்தச் சோற்றை மெல்லும்போதுதான்
உங்களை எல்லாம் நினைத்தேன்.
கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ரூபவதி, நேற்று உன் வீட்டுக்கு வந்தேன்.
மடியில் சுளகு, விரலிடுக்கில் நூல்.
முழங்கால் போட எங்கே நேரம் ஐயரே,
விடிந்தால் கடையில்
எழுநூறு பீடி கணக்குக் காட்டணும் என்றாய்.
பிறகு தலை நிமிராமல் சொன்னாய்:
திருவிருந்தில் கை நீட்டக் கூச்சமாயிருக்கு,
எத்தனை சோப்புப் போட்டாலும்
புகையிலை வாசம் போகமாட்டேங்குது.

அம்மா,
அந்தக் கையில் அப்பம் வைக்கிறவன் நான்.
அந்த வாசம் எனக்குத் தெரியும்.
என் விரலில் ஒட்டி
கிராதியில் உனக்கடுத்து நின்றவர்
அப்பத்துக்கும் அது போயிருக்கும்.
ஆண்டவர் முகம் சுளித்ததாக
எனக்குத் தெரியவில்லை.

யாபேஸ் இங்கே இல்லை.
முக்கூடல் மினிபஸ்ஸில் கடைசி டிரிப்.
படுத்ததும் ஜெபம் தொடங்குவானாம்,
பாதியில் தூங்கிவிடுவானாம்,
பாவமா ஐயரே என்று கேட்டான்.
எதுவரைக்கும் வருகிறது?
"எங்கள் கடன்களை" வரைக்கும்.
நல்லது, காலையில்
அங்கிருந்து தொடங்கு என்றேன்.

ஞானசிகாமணி, வலப்பக்கம் முதல் தூண்.
குணசீலன், இடப்பக்கம் கடைசி ஜன்னல்.
ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.
பம்புசெட் வழக்கு வந்து நாலு வருஷம்,
நடுவில் ஒரு கோயிலே இருக்கிறது.
சமாதானத்தைப் பற்றி
இன்றைக்கு நான் பேசப்போவதில்லை.
ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்:
உங்கள் இரண்டு வீட்டு அரிசியும்
ஒரே பானையில்தான் வெந்தது.
நான் தின்றேன்.
எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

என் கதையும் கேளுங்கள்.
ஆடிக் காற்று ஓட்டைத் தட்டும் காலைகளில்
அங்கியை மாட்டிப் பொத்தான் போடும்போது
உள்ளே ஒன்றுமே இருக்காது.
பதினேழு வருஷப் பிரசங்கம்
வாயில் இருக்கும், நெஞ்சில் இருக்காது.
அப்போது நான் செய்வது,
யாரிடமும் சொன்னதில்லை,
வெஸ்ட்ரிக்குள் போய்
உங்கள் டப்பாக்களில் ஒன்றைத் திறந்து பார்ப்பேன்.
எவளோ ஒருத்தி
திங்கள் காலை, திங்கள் ராத்திரி,
பிள்ளைக்குக் காய்ச்சலடித்த செவ்வாய்,
புருஷன் அடித்த புதன்,
அன்றைக்கும் உலைக்கு முன்னால்
ஒரு பிடி ஒதுக்கியிருக்கிறாள்.
அதைப் பிடித்துக்கொண்டு
பீடத்துக்கு ஏறிவிடுவேன்.

(புருஷன் அடித்த புதன் என்றேனே,
அந்த வீட்டுக்கு நாளை வருகிறேன்.
அது ஜெபிக்க மட்டும் அல்ல.)

இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த பக்தி.
உலையில் போடும் முன் ஒரு பிடி.
கை பெரிதா சிறிதா என்று
கேட்பார் இல்லை.
மறந்துபோனால் ராத்திரிச் சோற்றுக்குப் போடு.
ராத்திரி சோறே இல்லையென்றால்
வெறும் கையை ஒருமுறை மூடித் திற,
அவருக்குப் புரியும்,
ஆனால் எனக்கும் சொல்லியனுப்பு,
என் வீட்டில் இன்னும்
நாலு கிலோ கலப்பரிசி கிடக்கிறது.

ஹாரன் கேட்கிறது, யாபேஸ்தான்.
எட்டேகால் பஸ் போனால் இனி ஆட்டோதான், போங்கள்.
ஆசீர்வாதம் நடந்துகொண்டே வாங்கிக்கொள்ளலாம்.

வரும் ஞாயிறும்
நான்தான் ஏலம் கேட்பேன்.
கொஞ்சம் கல் பொறுக்கிப் போடுங்கள்.
யார் வீட்டுக் கல் என்று கேட்கமாட்டேன்,
எங்கள் வீட்டு அரிசியும்
அதில்தான் இருந்தது.